சட்டை வால்

பெல்டனில் நவம்பர் பதினைந்தாம் தேதி யாரும் சாவதில்லை. செத்தால் தூக்க நாலு ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று படுக்கையில் கிடப்பவர்களுக்கே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மாதக் கடைசிவரை ஓட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடம் பூட்டு. மரக்கிடங்கு பூட்டு. போதகர்கூடக் கர்த்தரிடம் சொல்லிக்கொண்டு ஆரஞ்சு நிறக் கோட்டு மாட்டிக் காட்டுக்குள் போய்விடுவார். மான் வேட்டை தொடங்குகிற நாள். விடிகிற நேரத்து முதல் வெடியில் சுப்பீரியர் ஏரி ஒருதரம் விக்கி நிற்கும்.

கிவெலா சகோதரர்களின் வேட்டைக் கேம்ப் ஊரிலிருந்து பதினாறு மைல். ஓர் அறை, ஒரு தகர அடுப்பு, நாலு கட்டில், நாற்பது வருஷத்துப் பன்றிக்கொழுப்பு வாசனை. பொம்பளைகள் யாரும் வேட்டைக்காலத்தில் அங்கே கால் வைத்ததில்லை. அங்கே ஒரு சுவர் இருந்தது. மானைச் சுட்டுக் கோட்டை விட்டவனுடைய சட்டையின் பின்பக்கத்தை அன்றைக்கே கத்தரித்து, அந்த வாலில் பேரும் வருஷமும் எழுதி, அந்தச் சுவரில் ஆணி அடிப்பார்கள். அடித்ததைக் கழற்றக்கூடாது. அப்பன் செத்தாலும் அப்பனின் வால் தொங்கும். இளையவன் வில்ஹோவுக்கு மட்டும் ஒன்பது வால். அவனுடையதை ஒட்டுப்போட்டுத் தைத்தால் ஜன்னல் எல்லாவற்றுக்கும் திரை போட்டு, மீதியில் ஒரு பாவாடையும் தைக்கலாம்.

மூத்தவன் தவ்னோவுக்கு ஒன்றுகூட இல்லை. முப்பத்தியொரு வருஷமாக இல்லை.

அவன் மனைவி ஐலிக்கு அந்தச் சுவரைக் கேள்வியில்தான் தெரியும். ஆனால் முப்பத்தியொரு மானையும் தன் சமையல் மேசையில் துண்டு போட்டவள் அவள். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் வேறு கறி கிடையாது. குளிர்ப்பெட்டியில் கறி இருந்தால் ஏப்ரல்வரை தலை நிமிர்ந்து இருப்பார்கள். இல்லாவிட்டால் உருளைக்கிழங்கும் ருட்டபாகாக் கிழங்கும்தான், ஒன்றுக்கொன்று துணையாக.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காகித ஆலைக்கு மரம் வெட்டும்போது ஒரு மேப்பிள் கிளை தவ்னோவின் வலது தோளில் இறங்கியது. கிளை என்று அவன் சொல்வான். நாலு பேர் சேர்ந்து அதை உருட்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். தோளுக்குள் ஒரு உலோகத் தகடும் எட்டுத் திருகாணியும் வைத்து மூடினார்கள். கை இடுப்புவரைக்கும் வேலை செய்யும், இழுக்கவோ தள்ளவோ பலம் கிடையாது. தோளுக்கு மேலே ஏறாது. தொப்பியைக் கழற்ற அவன் தலையைத்தான் கைக்குக் கொண்டு வரவேண்டும்.

"மக்கின கட்டையில போட்ட ஆணி மாதிரிதான் நிக்குது. பலமா ஒரு அடி பட்டாக் கழண்டுரும். அப்புறம் அது கை இல்ல. சட்டைக்குள்ள தொங்குற ஒரு சாமான்" என்று டாக்டர் ஐலியிடம் சொன்னார்.

தவ்னோவின் துப்பாக்கி அவன் அப்பாவுடையது. அந்த ஊரில் துப்பாக்கியைக் குழலின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இது முப்பதாறு. சுட்டால் முன்னால் மான் விழும், பின்னால் சுட்டவன் விழுவான் என்பார்கள். அக்டோபரில் சரளைக் குழியில் குறி சரிபார்க்கப் போனபோது ஐலியும் கூடப் போனாள். லாரியின் முகப்பில் மணல்பையைப் போட்டு, நூறு தப்படி தள்ளி வைத்த அட்டையை அவன் சுட்டான். முதல் குண்டுக்கு உதட்டைக் கடித்தான். இரண்டாவதற்கு அவன் முகம் சாம்பல் பூத்தது.

"போதும் தவ்னோ."

"மூணு சுட்டாத்தான் கணக்கு."

மூன்றாவதையும் சுட்டான். மூன்றும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம்போல நெருக்கமாகப் பட்டிருந்தன. அவன் லாரியின் படியில் உட்கார்ந்தான். ஐலி நீட்டிய காப்பிக் குவளையை வலது கை வாங்கியது. குவளை ஆடியது, பிறகு சரிந்து பனியில் பழுப்பாகக் கொட்டியது.

"சூடா இருந்துச்சு" என்றான்.

"அரை மணி நேரமா ஆறிட்டிருக்கு அது."

"அட்டையைச் சுட்டாத்தான் ஐலி உதைக்கும். மான் முன்னால வந்து நின்னா எந்தத் துப்பாக்கியும் உதைக்காது. எவனை வேணா கேளு. உதைச்சதே தெரியாது."

அவள் நம்பவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவன் ஒற்றைக் கையால் ஓட்டினான். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் அவளைப் பார்ப்பான், அவள் மாற்றிக்கொடுப்பாள்.

மறுநாள் அவள் டெல்பர்ட் கடைக்குப் போனாள். டெல்பர்ட் ஆணி, தூண்டில், கல்லறைப் பூ, துப்பாக்கி எல்லாம் விற்பவன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"உதைக்காத துப்பாக்கி ஒண்ணு வேணும் டெல்பர்ட்."

"உனக்கா?"

"எனக்குன்னே வச்சுக்கோ."

அவன் அவளைப் பார்த்தான். மூன்று துப்பாக்கிகளை எடுத்து வரிசையாக வைத்தான்.

"இது முந்நூத்தியெட்டு. முப்பதாறோட தம்பி. அண்ணன் கழுதைன்னா இவன் கழுதைக்குட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். இது முப்பது-முப்பது. உதை கம்மி. ஆனா நூத்தம்பது கஜம் தாண்டினா குண்டுக்குக் களைப்பு வந்து உக்காந்துக்கும். உங்க கேம்ப்ல மரத்தை வெட்டி மின்கம்பி போட்ட பாதையிலதானே சுடுவாங்க? அந்தத் தூரத்துக்கு ஆகாது." மூன்றாவதை அவள் கையிலேயே கொடுத்தான். "இது இருநூத்தி நாப்பத்திமூணு. குண்டு சின்னது, வேகம் ஜாஸ்தி. முப்பதாறு உதைக்கிறதுல பாதிதான் வரும். தோள்ல தட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்."

"மான் விழுமா?"

"முன்னங்காலுக்குப் பின்னால ஒரு கை அகலம் இருக்குல்ல, அங்க பட்டா விழும். வேற எங்க பட்டாலும் பீரங்கிக்கும் விழாது. நான் முப்பது வருஷமா விக்கிறேன் ஐலி. பெரிய துப்பாக்கியை வாங்கிட்டு, உதைக்கப் போகுதேன்னு விசையை இழுக்கிறப்பக் கண்ணை மூடுற வீரனுங்க இந்த ஊர்ல பாதிப் பேர். வெளியில சொல்லமாட்டேன், வியாபாரம் போயிரும். கொண்டுபோய்க் காட்டு. புடிக்கலைன்னா திருப்பிக் குடு."

அன்று சாயங்காலம் பேஸ்டி சுட்டிருந்தாள். மாவுக்குள் கறியும் கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்தது, ஒவ்வொன்றும் குழந்தையின் தலையணை அளவு. வாசனைக்கு வில்ஹோ மூன்று மைல் தாண்டியும் வந்துவிடுவான். வந்தான். துப்பாக்கியையும் பார்த்துவிட்டான்.

"என்ன அண்ணி, இதோட கிலுகிலுப்பையும் குடுத்தானா டெல்பர்ட்?"

"பேஸ்டியைத் தின்னு வில்ஹோ. வாயில எடம் இருக்கப் போயித்தானே பேசுறே."

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான். நம்ம கேம்ப் கூட்டாளி ரூடி பொண்ணு இதைத்தான் வச்சிருக்கா. அதுல பூவெல்லாம் ஒட்டியிருக்கா. அண்ணனுக்கும் ரெண்டு பூ ஒட்டிரலாம்."

தவ்னோ அந்தத் துப்பாக்கியை எடுத்தான். முழங்கையை விலாவோடு சேர்த்துவைத்து, கட்டையைத் தோளில் பொருத்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஐலி அவன் முகத்தைத்தான் பார்த்தாள். இரண்டு வருஷமாக இறுகியிருந்த ஒரு முடிச்சு அவன் புருவத்தில் அவிழ்ந்தது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு தம்பியின் சிரிப்பு அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"லேசா இருக்கு. காத்தடிச்சாப் பறந்துரும். திருப்பிக் குடுத்துரு."

"டாக்டர் சொன்னதை உன் தம்பிக்குச் சொல்லட்டுமா?"

வில்ஹோவின் வாய் பாதி மென்றபடி நின்றது. தவ்னோ அவளைப் பார்த்தான். கோபமில்லை அதில். கெஞ்சல். முப்பத்துநாலு வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததே கிடையாது. சொல்லியிருக்கலாம். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

"என்ன சொன்னாரு டாக்டர்?" என்றான் வில்ஹோ.

"கறி ஜாஸ்தி திங்கக்கூடாதாம்" என்றான் தவ்னோ. அண்ணன் தம்பி இருவரும் கூரை அதிரச் சிரித்தார்கள்.

தோட்டாவைக் கடையில் வாங்குவது கிவெலா வீட்டில் வழக்கமில்லை. நிலவறையில் ஒரு பலகை, அதில் ஓர் அழுத்துப்பொறி, ஒரு சின்னத் தராசு. சுட்ட பித்தளைக் கூட்டைத் திரும்பத் தயார்செய்து, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டைப் பொருத்தி அழுத்தவேண்டும். பொறியின் கைப்பிடியை இழுக்க வலது தோள் வேண்டும். அதனால் இரண்டு வருஷமாக ஐலிதான் இழுத்தாள். தவ்னோ தராசில் எடையை வைத்துக்கொடுப்பான்; அவள் கொட்டி, அழுத்தி, பெட்டியில் அடுக்குவாள். அவன் இந்த வேலையைப் பூசை மாதிரிச் செய்கிறவன். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது.

சனிக்கிழமை. வில்ஹோ சவ்னா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு போட்டுவிட்டுக் கூப்பிட்டான். தவ்னோ தராசின் எடையை வைத்து, முள்ளை மூன்றுதரம் பார்த்துவிட்டு, "இருபது போட்டு வை. நான் வேர்த்துட்டு வர்றேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் தனியாக இருந்தாள். மேலே குழாயில் தண்ணீர் போகிற சத்தம். அவள் தராசுத் தண்டில் நகர்கிற எடைமணியைப் பின்னால் தள்ளினாள். மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு. டாக்டர் சொன்னார் என்று குழம்பில் உப்பைக் குறைப்பாளே, அதே கை, அதே நிதானம். இருபது தோட்டாவிலும் குறைத்தாள். மணியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள்.

மருந்து குறைந்தால் உதை குறையும்; குண்டு தாழ்ந்து போகும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. அந்த வீட்டு மேசையில் ஆயிரம் தடவை பேசியது அது. துப்பாக்கி மேலிருக்கும் குறிபார்க்கும் கண்ணாடியை அவன் முழு மருந்துக்குத்தான் பூட்டியிருந்தான். ஆனால் அன்றைக்கு அவள் கண்ணில் இருந்தது ஒரு தோள். மான் இல்லை.

பதினாலாம் தேதி அவனை வழியனுப்பினாள். பேஸ்டி பன்னிரண்டு, ஏலக்காய் போட்ட நீசு ரொட்டி இரண்டு, காப்பித்தூள், கம்பளிச் சட்டை. நான்காம் நாள் மத்தியானம் லாரி திரும்பி வந்தது. பின்பக்கம் காலி. தவ்னோ கீழே இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றான். கோட்டைக் கழற்றியபோது சட்டையின் பின்பக்கம் இல்லை. உள்பனியன் தெரிந்தது.

அவள் சூப்பை வைத்தாள். அவன் கரண்டியைத் தொடவில்லை.

"பெரிய கொம்பன் ஐலி. எட்டுக் கிளை. முதல் நாள் வெளிச்சம் வர்றப்பவே மின்கம்பிப் பாதையில வந்து நின்னுச்சு. இருநூத்தம்பது தப்படி இருக்கும். எத்தனை தடவை சுட்ட தூரம். கண்ணாடியோட குறுக்குக்கோட்டை அதே எடத்துலதான் வச்சேன். சுட்டேன். விழுந்துச்சு. எந்திரிச்சுருச்சு."

"எங்க பட்டுச்சு?"

"கீழ. ரொம்பக் கீழ. முன்னங்கால் தொங்குச்சு."

அவன் மேசையின் மரக்கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"தேவதாருச் சதுப்புக்குள்ள போயிருச்சு. ரத்தத்தைப் பார்த்துட்டே போனேன். இடுப்புவரை பனி. படுத்த எடத்துல எல்லாம் தட்டு தட்டா ரத்தம். நான் கிட்டப் போறப்ப எந்திரிச்சு நகரும். மூணு காலு. ரெண்டாம் நாளு பனி பெஞ்சு தடத்தை மூடிருச்சு. வில்ஹோ விட்டுரலாம்னான். ரூடியும் சொன்னான். எப்படி விடுறது? மூணாம் நாளு காக்காக் கூட்டத்தைப் பார்த்துட்டுப் போனேன். உறைஞ்ச ஓடையில நின்னுட்டிருந்துச்சு. நின்னுட்டுத்தான் இருந்துச்சு ஐலி. பின்னால ஓநாய்நரிங்க தின்ன ஆரம்பிச்சிருந்துச்சுங்க."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.

"இருபது அடியில இருந்து சுட்டேன். கறி எதுக்கும் ஆகல. அப்படியே விட்டுட்டு வந்தேன்."

"தோள்?"

"தோளுக்கு என்ன? ஒண்ணுமில்ல. உதைச்சதே தெரியல." சட்டென்று அவன் குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்றேன். வில்ஹோகிட்டச் சொல்லல. நான் கண்ணை மூடிருக்கேன். உதைக்கப் போகுதுன்னு பயந்து கண்ணை மூடி இழுத்திருக்கேன். எனக்கே தெரியாம. இல்லாட்டி அவ்வளவு கீழ எப்படிப் போகும்? சரளைக் குழியில மூணும் ஒரே எடத்துல பட்டுச்சு, நீ பார்த்தே. துப்பாக்கி சரியா இருக்கு. தோட்டா நம்ம கையால போட்டது. மிச்சம் என்ன இருக்கு? நான்தான்."

ஐம்பத்தெட்டு வயசு ஆள். மேப்பிள் மரத்துக்கு அடியில் கிடந்தபோதுகூட ரம்பம் உடைந்துவிட்டதா என்று கேட்டவன். இப்போது அவன் மேசையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வித்துரலாம். இனிமே நான் சுடக்கூடாது. பயந்தவன் மானைச் சுடக்கூடாது."

ஐலி அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்தால் அவள் கேட்டதெல்லாம் நடந்துவிடும். முப்பதாறு போய்விடும். தோள் பிழைக்கும். இந்த வீட்டில் பயந்தவன் ஒருத்தன் மட்டும் சாகும்வரை உட்கார்ந்திருப்பான்.

"நீ கண்ணை மூடல" என்றாள்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

"மருந்தைக் குறைச்சேன். அஞ்சுல ஒரு பங்கு. நீ சவ்னாவுக்குப் போனப்ப. இருபதுலயும்."

அவன் எழுந்து நிலவறைக்குப் போனான். மிச்சத் தோட்டாவில் ஒன்றைப் பிரித்து மருந்தைத் தராசில் கொட்டுகிற சத்தம் மேலே கேட்டது, மணல் உதிர்வதுபோல. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏறி வந்தபோது அவன் கையில் அவளுடைய தையல் கத்தரிக்கோல் இருந்தது.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"இருபது அடியில சுட்டப்பக்கூட அது விழ நேரமாச்சு. கை மரத்துப்போயித் தப்பாச் சுட்டுட்டேன்னு நினைச்சேன்." அவன் பல்லைக் கடித்தான். "என்னைக் கேட்டிருந்தா நான் திட்டிருப்பேன். அவ்வளவுதானே? அது மூணு நாள் நடந்துச்சு."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. நீ பார்க்கல." பிறகு சொன்னான்: "திரும்பு."

அவள் திரும்பி நின்றாள். மஞ்சள் பூப்போட்ட கனத்த சட்டை, போன கிறிஸ்துமஸுக்கு அவள் தானே தைத்துக்கொண்டது. கத்தரிக்கோலின் இரும்பு இடுப்பில் சில்லென்று பட்டது. அவன் அவசரப்படவில்லை. தையலோரமாக, நேராக, சுருக்கம் விழாமல் வெட்டினான்.

"கோட்டை எடுத்துக்கோ. வண்டியில ஏறு."

பதினாறு மைல். கியர் மாற்றவேண்டிய இடத்தில் அவன் அவளைப் பார்க்கவில்லை; இடது கையைக் குறுக்கே நீட்டித் தானே மாற்றினான். அந்த நேரமெல்லாம் வண்டியை யார் ஓட்டினார்கள் என்பது பரலோகத்துக்குத்தான் தெரியும்.

கேம்ப்பின் கதவைத் திறந்தபோது வில்ஹோவும் ரூடியும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஐலியைக் கண்டதும் ரூடி தன் கால்சட்டை எங்கே என்று தேடினான். நல்லவேளை, போட்டுத்தான் இருந்தான்.

"அண்ணி?" என்றான் வில்ஹோ. "யாரு செத்தா?"

"தோட்டாவுல மருந்தைக் குறைச்சது இவ" என்றான் தவ்னோ. "என் தோள்ல தகடு ஆடுது. ஒரு உதை பட்டாக் கை போயிரும்னு டாக்டர் சொல்லிருக்காரு. உங்ககிட்ட நான் சொல்லல. அதனால இவ குறைச்சா. அதனாலதான் குண்டு கீழ போச்சு."

வில்ஹோவுக்கு வழக்கப்படி சிரிப்பு வந்தது. பாதி தூரம் வந்துவிட்டு, அண்ணனின் தோளைப் பார்த்து, தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவன் எழுந்து சுவரருகே போனான். புது ஆணியில் தொங்கிய சிவப்புக் கட்டம் போட்ட வாலில் கை வைத்தான்.

"அப்படின்னா உன்னுதைக் கழட்டிரலாம்ண்ணே. இது உன் தப்பு இல்ல."

"கையை எடு. விசையை இழுத்தது நான். அது இருக்கட்டும். இதையும் அடி."

வில்ஹோ சுத்தியலை எடுத்தான். தவ்னோ அதை வாங்கி ஐலியிடம் நீட்டினான்.

"எங்கப்பா காலத்துல இருந்து தப்பு பண்ணவன்தான் அடிக்கணும்னு ஒண்ணும் கிடையாது" என்றான் ரூடி மெல்ல.

"என் கை அவ்வளவு உசரம் போகாது. அவளே அடிக்கட்டும்."

துணியில் ஏற்கெனவே எழுதியிருந்தான்; எப்போது எழுதினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐலி, 1985. அவள் துணியைச் சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். முதல் அடி விரலில் விழுந்தது. நாலாவது அடியில் ஆணி இறங்கியது. நாற்பது வருஷத்துக் கறுத்த துணிகளுக்கு நடுவில் அந்த மஞ்சள் மட்டும் இப்போதுதான் தோய்த்துக் காயப்போட்டதுபோல இருந்தது. வில்ஹோ குவளையைத் துடைத்து அவளுக்குக் காப்பி ஊற்றினான். அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

திரும்பி வரும்போது பனி விழ ஆரம்பித்திருந்தது. வழியில் எங்கேயும் ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. டெல்பர்ட் கடைக்குப் பக்கத்தில் வந்ததும் தவ்னோ வேகத்தைக் குறைத்தான்.

"அந்த இருநூத்தி நாப்பத்திமூணு இன்னும் அவன்கிட்ட இருக்கா?"

"இருக்கும்."

வண்டி நிற்கவில்லை. கடை பின்னால் போய்விட்டது. ஆனால் அடுத்த திருப்பத்தில் அவன் அவளைப் பார்த்தான்; அவள் கியரை மாற்றிக்கொடுத்தாள். விரல் வீங்கியிருந்தது.

"வாங்குவோம். தோட்டாப் பொறியை நீயே இழு" என்றான். கொஞ்சதூரம் போன பிறகுதான் மிச்சத்தையும் சொன்னான். "நான் நிலவறையில கூடவே உக்காந்திருப்பேன். கடைசித் தோட்டா வரைக்கும்."